கத்தரிக்கோல் காணாமல் போன ரத்தம்

பரிசோதனைத் தாளில் தட்டணுக்களின் எண்ணிக்கை 9,000 என்று இருக்கிறது. இருக்க வேண்டியது ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை. காலில் ஊசி முனை அளவுக்கு ஊதாப் புள்ளிகள். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். டெங்குக் காய்ச்சலின் தயவால் தட்டணு என்றால் என்னவென்று இன்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே வீட்டார் முதலில் சொல்வது, "உடனே தட்டணு ஏற்றுங்கள் டாக்டர்" என்பதுதான். மருத்துவரோ ஏற்ற மறுக்கிறார். போதாக்குறைக்கு, இது ரத்தம் கசியும் நோய் அல்ல, ரத்தம் கண்ட இடத்தில் எல்லாம் உறையும் நோய் என்கிறார்.

தட்டணு குறைந்தால் ரத்தம் நிற்காது என்றுதானே இதுவரை படித்தோம்? அது குறைந்திருக்கும்போதே ரத்தம் எப்படி அதிகமாக உறையும்? இந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தால் நோயின் முக்கால்வாசி புரிந்துவிடும்.

நோயின் பெயர் திராம்பாட்டிக் திராம்போசைட்டோபீனிக் பர்பியூரா. வாயில் நுழையாத பெயர்தான். டிடிபி என்றே மருத்துவர்களும் சொல்வார்கள். ஆனால் பெயர் வைத்தவர்கள் நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறார்கள். முதல் சொல் ரத்தக் குழாய்க்குள் உறைகட்டி உண்டாவதைக் குறிக்கிறது. இரண்டாவது சொல் தட்டணுக் குறைவு. மூன்றாவது சொல் தோலில் தோன்றும் ஊதாப் புள்ளிகள். நடப்பதும் இதே வரிசையில்தான். ரத்தம் சின்னஞ்சிறு குழாய்களில் உறைகிறது. அந்தக் கட்டிகளை உண்டாக்குவதிலேயே தட்டணுக்கள் செலவாகித் தீர்ந்துபோகின்றன. தீர்ந்துபோனதால் தோலில் புள்ளிகள் வருகின்றன. பையில் பணம் குறைந்திருப்பதைப் பார்த்துச் சம்பளம் வரவில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் சம்பளம் வந்தது, வேண்டாத இடத்தில் எல்லாம் செலவாகிவிட்டது.

வேண்டாத இடத்தில் ஏன் செலவாகிறது என்று தெரிய வேண்டுமானால் ரத்தக் குழாயின் உட்சுவருக்குப் போக வேண்டும். அங்குள்ள செல்கள் ஒரு நீளமான புரத நூலைத் தயாரித்துச் சுருட்டி வைத்திருக்கின்றன. அதற்கு வான் வில்லிபிராண்ட் காரணி என்று பெயர். 1926-இல் பின்லாந்தின் ஆலண்ட் தீவுகளில் ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வந்த ரத்தக்கசிவு நோயை விவரித்த மருத்துவரின் பெயர் அது. அந்தக் குடும்பத்தில் குறைவாக இருந்த பொருள்தான் இந்த நூல் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நூலைப் பூமாலை போல நினைத்துக்கொள்ளலாம்: ஒரே மாதிரியான துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் தட்டணுவைப் பிடிக்கும் கொக்கி ஒன்று உண்டு. நூல் பந்தாகச் சுருண்டு மிதக்கும்போது கொக்கிகள் உள்ளே மறைந்திருக்கும். குழாயில் காயம் பட்டு, ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும் இடத்தில் நூல் நீண்டு விரிகிறது, கொக்கிகள் வெளியே வருகின்றன, தட்டணுக்கள் வந்து மாட்டுகின்றன, ஓட்டை அடைபடுகிறது. எவ்வளவு நீளமோ அவ்வளவு பிடிப்பு.

சுவர்ச் செல்கள் இந்த நூலை வெளியே விடும்போது அது மிக மிக நீளமாக இருக்கும். அப்படியே விட்டால் ஆபத்து. அதனால் ரத்தத்தில் ஒரு கத்தரிக்கோல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஒரு நொதி. என்சைம் என்றால் இன்னும் எளிதாகப் புரியும். பெயர் அடாம்ட்ஸ்-13. மனித உடலில் 19 உறுப்பினர்களைக் கொண்ட ஒரு நொதிக் குடும்பத்தில் இது பதின்மூன்றாவது. அதற்கு இருப்பது இந்த ஒரே வேலை: நூலை வெட்டிக் குட்டையாக்குவது. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. வெட்ட வேண்டிய இடமும் கொக்கியைப் போலவே சுருளுக்குள் மறைந்திருக்கிறது. நூல் இழுபட்டு விரிந்தால்தான் அந்த இடம் வெளியே தெரியும். சும்மா மிதக்கும் சுருளைக் கத்தரிக்கோல் தொடாது. விரிந்து ஆட்களைப் பிடிக்க ஆரம்பித்த நூலை மட்டும் தேடி வந்து வெட்டும்.

டிடிபி என்பது இந்தக் கத்தரிக்கோல் இல்லாமல் போவது. மற்றதெல்லாம் அதன் விளைவுகள்.

வெட்டுப்படாத நீள நூல்கள் நுண்ணிய குழாய்களில் கொடி போலத் தொங்குகின்றன. போகிற வருகிற தட்டணுக்கள் எல்லாம் அதில் சிக்குகின்றன. மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் சிறு குழாய்களில் அடைப்பு ஏற்படுகிறது. தலைவலி, குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, பக்கவாதம், நெஞ்சு வலி, வயிற்று வலி என்று எங்கே அடைத்ததோ அதற்கேற்ப அறிகுறிகள் வரும். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் பேரன் பெயரை மறந்து, மறுநாள் மறுபடியும் சரியாக இருப்பார். இப்படி வந்து வந்து போகும் குழப்பம் இந்த நோயில் சாதாரணம்; களைப்பு என்றும் மன உளைச்சல் என்றும் தள்ளிவிடப்படுவதும் சாதாரணம்.

இன்னொரு விளைவை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, சாயமேற்றிப் பார்த்தால், நல்ல ரத்தத்தில் சிவப்பணுக்கள் நடுவில் சற்று வெளுத்த வட்டங்களாகத் தெரியும். இடையிடையே பொடி தூவியது போலத் தட்டணுக்கள் இருக்கும். டிடிபி நோயாளியின் தகட்டில் அந்தப் பொடியைத் தேட வேண்டியிருக்கும். வட்டங்களுக்கு நடுவே உடைந்த சிவப்பணுக்கள் கிடக்கும்: தலைக்கவசத்தைப் பக்கவாட்டில் பார்த்தது போல ஒன்று, இரண்டு கொம்பு முளைத்தது போல ஒன்று, முக்கோணமாக ஒன்று. பாதி அடைபட்ட குழாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு போனதில் கிழிந்தவை அவை. சிவப்பணுக்கள் இப்படி உடைவதால்தான் நோயாளிக்கு ரத்தசோகையும், கண்ணில் மஞ்சளும், சில சமயம் தேநீர் நிறத்தில் சிறுநீரும் வருகின்றன. தட்டணுக் குறைவும் உடைந்த சிவப்பணுக்களும் ஒரே தகட்டில் தெரிந்தால், ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் தாளில் எழுதி அனுப்பிவிட்டு அடுத்த தகட்டுக்குப் போய்விடக் கூடாது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். மணிக்கணக்கு முக்கியமான நோய் இது.

1924-இல் நியூயார்க்கில் 16 வயதுப் பெண் ஒருத்தி நலமாக இருந்து திடீரென்று காய்ச்சலில் விழுந்தாள். வெளிறினாள், உடலின் ஒரு பக்கம் தளர்ந்தது, நினைவு தப்பியது, இரண்டு வாரங்களுக்குள் இறந்துபோனாள். எலி மாஷ்கோவிட்ஸ் என்ற மருத்துவர் உடலைப் பரிசோதித்தபோது உறுப்புகளின் சிறு குழாய்களில் எல்லாம் உறைகட்டிகள் இருந்தன. ஏதோ நஞ்சுதான் காரணம் என்று அவர் ஊகித்தார். கிட்டத்தட்ட இதே காலத்தில்தான் பின்லாந்தில் மற்றொருவர் நூல் குறைந்த குடும்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டும் ஒரே கதையின் இரு முனைகள் என்பது தெரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1982-இல் ஜோயல் மோக் குழுவினர், அடிக்கடி டிடிபி வரும் நோயாளிகளின் ரத்தத்தில் வழக்கத்தைவிட மிக நீளமான நூல்கள் இருப்பதைக் கண்டார்கள். 1996-இல் சுவிட்சர்லாந்தில் ஃபுர்லான் குழுவும் அமெரிக்காவில் சாய் என்பவரும் தனித்தனியே கத்தரிக்கோலைக் கண்டுபிடித்தார்கள். 2001-இல் அதற்கான மரபணு ஒன்பதாவது குரோமோசோமில் இருப்பது உறுதியானது.

கத்தரிக்கோல் எப்படிக் காணாமல் போகும்? இரண்டே வழிகள்தான். ஒன்று, உடல் அதைச் செய்யவே இல்லை. மற்றொன்று, செய்ததை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். முதலாவது பிறவி டிடிபி. இரண்டாவது பின்வந்த டிடிபி. பின்வந்ததைப் 'பெறப்பட்ட நோய்' என்று மொழிபெயர்ப்பதும் உண்டு. யாரோ கொடுத்து வாங்கிக்கொண்டது போல் இருப்பதால் அந்தச் சொல் எனக்கு உவப்பாக இல்லை. யாரும் கொடுக்கவில்லை; ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை.

பிறவி வகை மிக அரிது. மொத்த டிடிபி நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 1960-இல் ஷுல்மன், 1978-இல் அப்ஷா என்று இரு மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளை விவரித்ததால் அப்ஷா-ஷுல்மன் நோய் என்றும் பெயர் உண்டு. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை ஏற்றினால் நோயாளி தேறுகிறார் என்று அவர்கள் அப்போதே எழுதியிருந்தார்கள். பிளாஸ்மாவில் இருந்த எது தேற்றியது என்பது தெரியாமலேயே நல்ல சிகிச்சை கையில் இருந்திருக்கிறது.

இந்த நொதிக்கான மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்கு இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பாதியளவு நொதியைச் செய்துவிடும், அதுவே தாராளம். ஆகவே பழுதான ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் பெற்றோருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, தங்களிடம் அது இருப்பதும் தெரியாது. இருவரும் தங்கள் பழுதான பிரதியையே கொடுத்துவிட்டால்தான் குழந்தைக்கு நோய். அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. இந்தக் கணக்கைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு கருவுக்கும் புதிதாகச் சீட்டுக் குலுக்கப்படுகிறது. பெற்றோர் நெருங்கிய உறவினராக இருந்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் உறவே இல்லாத தம்பதியருக்கும் இப்படிக் குழந்தை பிறந்திருக்கிறது.

பிறவி நோய் என்றதும் பிறந்த அன்றே தெரிந்துவிடும் என்று நினைப்போம். சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே அப்படித்தான்: முதல் நாளே கடும் மஞ்சள் காமாலை, கூடவே தட்டணுக் குறைவு. சிலருக்கு ஐந்து வயதில் ஏதோ ஒரு காய்ச்சலின்போது தலைகாட்டி, காய்ச்சலோடு போய்விடும். சாதாரணத் தட்டணுக் குறைவு நோய் என்ற பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிடுவார்கள். இன்னும் சில பெண்களுக்கு முதல் கர்ப்பம் வரை எதுவுமே தெரியாது. கர்ப்ப காலத்தில் வான் வில்லிபிராண்ட் நூல் இயல்பாகவே அதிகமாகச் சுரக்கிறது. நூல் குறைவாக இருந்தவரை கத்தரிக்கோல் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருந்த வண்டி, நூல் கூடியதும் நின்றுவிடுகிறது. 28 வயதில் முதல்முறை வந்தது என்பதால் இது பிறவி நோயாக இருக்க முடியாது என்று முடிவு கட்டினால், அடுத்த கர்ப்பத்திலும் அதே விபத்து காத்திருக்கும்.

பின்வந்த வகையில் மரபணு சரியாக இருக்கிறது. கல்லீரல் தன் வேலையைச் சரியாகச் செய்து நொதியை அனுப்புகிறது. கிருமியைப் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடிகள் அந்த நொதியைக் கிருமியாக எண்ணிப் பிடிக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை. சில ஆன்டிபாடிகள் நொதியை வெட்ட விடாமல் தடுக்கின்றன. பெரும்பாலானவை அதைப் பிடித்து ரத்தத்திலிருந்தே வெளியேற்றிவிடுகின்றன. பெரும்பாலும் நடுத்தர வயதினருக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாகவும் வருகிறது. லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், எச்.ஐ.வி. தொற்று, கர்ப்பம் ஆகியவற்றை ஒட்டி வரலாம். தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் டிக்ளோபிடின் என்ற மருந்து சிலருக்கு இதைத் தூண்டியது பதிவாகியிருக்கிறது. பெரும்பாலோரிடம் எவ்வளவு துருவினாலும் காரணம் கிடைப்பதில்லை. "என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்கும் நோயாளிக்குச் சொல்லக்கூடிய நேர்மையான பதில், எதுவும் செய்யவில்லை என்பதுதான்.

இரண்டு வகைக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. காய்ச்சல், ரத்தசோகை, தட்டணுக் குறைவு, சிறுநீரகப் பாதிப்பு, மூளைப் பாதிப்பு என ஐந்து அடையாளங்களைப் பழைய பாடப் புத்தகங்கள் சொல்லும். ஐந்தும் சேர்ந்து வருவது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. ஐந்தாவது வரட்டும் என்று காத்திருந்தால் நோயாளி காத்திருக்க மாட்டார். தட்டணுக் குறைவு, உடைந்த சிவப்பணு, இவற்றுக்கு வேறு வெளிப்படையான காரணம் இல்லாமை: சந்தேகப்பட இதுவே போதும். ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் வழக்கமான சோதனைகள் இதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதும் ஒரு துப்பு. கடும் தொற்றில் உடல் முழுவதும் ரத்தம் உறையும் வேறொரு நிலை உண்டு. அதில் அந்த நேரங்கள் நீண்டுவிடும்.

உறுதிப்படுத்துவது அடாம்ட்ஸ்-13 செயல்திறன் சோதனை. இயல்பான அளவில் 10 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் டிடிபி. கூடவே ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் பின்வந்த வகை. ஆன்டிபாடி இல்லை, நோயாளி தேறிய பிறகும் நொதி ஏறவே இல்லை என்றால் மரபணுவைப் பார்க்க வேண்டும். பெற்றோரைச் சோதித்தால் இருவருக்கும் பாதியளவு இருப்பது கூடுதல் சான்று. இதில் எளிதாகக் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: சோதனைக்கான ரத்தத்தை பிளாஸ்மா ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். தானமாக வந்த பிளாஸ்மாவில் கொடையாளியின் கத்தரிக்கோல் இருக்கிறது. ஏற்றிய பின் அளந்தால் நாம் அளப்பது அவருடையதை. முடிவு வரச் சில நாட்கள் ஆகலாம் என்பதால், எடுத்து வைத்துவிட்டு, சிகிச்சையை அன்றே தொடங்கிவிடுவார்கள்.

வகை தெரிவதன் பயன் சிகிச்சையில்தான் தெரியும். பிறவி வகைக்கு, இல்லாததைக் கொடுத்தால் போதும். பிளாஸ்மா ஏற்றுவது நெடுங்கால வழி. ஏற்றிய நொதி இரண்டு மூன்று நாட்களில் பாதியாகிவிடும்; ஆனாலும் மிகச் சிறிய அளவே நூலை வெட்டப் போதும் என்பதால், பலருக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றினாலே தாங்குகிறது. ஆய்வகத்தில் தயாரித்த அடாம்ட்ஸ்-13 நொதிக்கே 2023 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பின்வந்த வகையில் வெறுமனே பிளாஸ்மாவை ஊற்றுவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது. உள்ளே போகும் நொதியையும் அதே ஆன்டிபாடிகள் பிடித்துக்கொள்ளும். அதனால் பிளாஸ்மாவை ஏற்றுவதோடு நிற்காமல் மாற்றுகிறார்கள். கழுத்திலோ தொடையிலோ பெரிய ரத்தக் குழாயில் இரட்டைக் குழல் ஒன்று செருகப்படும். ஒரு குழல் வழியே ரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது. அங்கே சுழன்று பிரிகிறது. சிவப்பணுக்கள் திரும்பி வருகின்றன. ஆன்டிபாடி கலந்த மஞ்சள் பிளாஸ்மா ஒரு பையில் சேர்ந்துகொண்டே போகிறது. கொடையாளிகளின் பிளாஸ்மா அந்த இடத்தை நிரப்புகிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்குச் சுமார் மூன்று லிட்டர், அதாவது பத்துப் பன்னிரண்டு பேர் தந்த பிளாஸ்மா தேவைப்படும். நடுவில் உதடும் விரல் நுனியும் மரத்துப்போவது போல் சுரீரென்று இருக்கும். உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. செவிலியரிடம் உடனே சொன்னால் கால்சியம் கொடுத்துச் சரி செய்துவிடுவார். தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்தைத் தொட்டு நிலைக்கும்வரை நாள்தோறும் இது நடக்கும்.

சிகிச்சை இல்லாத காலத்தில் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். 1991-இல் கனடாவில் 102 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு வெளியானது: ஆறு மாத முடிவில், பிளாஸ்மா மாற்றியவர்களில் 78 சதவீதத்தினரும், வெறுமனே ஏற்றியவர்களில் 63 சதவீதத்தினரும் உயிரோடு இருந்தார்கள். இன்று இதோடு மேலும் இரண்டு கைகள் சேர்ந்திருக்கின்றன. ஸ்டீராய்டும் ரிட்டுக்சிமாப்பும் ஆன்டிபாடி உற்பத்தியை அடக்குகின்றன. ஆனால் அவை வேலை செய்ய நாட்கள், வாரங்கள் ஆகும். அந்த இடைவெளிக்குக் கேப்லாசிசுமாப் என்ற மருந்து: ஐரோப்பாவில் 2018-இலும் அமெரிக்காவில் 2019-இலும் அனுமதி பெற்றது. இது கத்தரிக்கோலைத் திருப்பித் தருவதில்லை. நூலின் கொக்கியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தட்டணுவுக்கு மாட்ட இடம் இல்லை. பதிலுக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியலாம்.

மருத்துவர் தட்டணு ஏற்ற மறுத்ததன் காரணம் இப்போது தெரிந்திருக்கும். நூல்கள் விரித்த வலையாகக் காத்திருக்கும்போது புதிய தட்டணுக்களை அனுப்புவது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது போலாகலாம். உயிருக்கே ஆபத்தான ரத்தக்கசிவு இருந்தால் ஏற்றுவது உண்டு. எண்ணிக்கை பயமுறுத்துகிறது என்பதற்காக மட்டும் ஏற்றுவதில்லை.

தேறி வீடு திரும்பியவருக்கும் ஞாபக மறதி, கவனக் குறைவு, விளக்க முடியாத அசதி, மனச்சோர்வு ஆகியவை நீடிக்கலாம். பரிசோதனைத் தாளில் எல்லா எண்களும் சரியாக இருக்கையில் இதைச் சொன்னால் சோம்பல் என்று வீட்டார் நினைப்பதும் உண்டு; மூளையின் சிறு குழாய்கள் அடைபட்டுத் திறந்தன என்பதை அவர்கள் நினைவில் வைப்பது நல்லது. பின்வந்த வகை திரும்ப வரக்கூடியது. அதனால் தட்டணுவை மட்டும் பார்க்காமல் அடாம்ட்ஸ்-13 அளவைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பார்கள். தட்டணு குறையும் முன்பே நொதி சரியத் தொடங்கிவிடும். அப்போதே ரிட்டுக்சிமாப் கொடுத்துத் தடுத்துவிட முடிகிறது. இந்த வகை நோயாளியின் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டியதில்லை. பிறவி வகை என்றால் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லோரும், இதுவரை நலமாக இருந்தாலும், நொதியை ஒருமுறை அளந்து பார்த்துவிட வேண்டும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் அக்காவோ தங்கையோ இருந்தால் அவர்தான் முதலில். முன்கூட்டியே தெரிந்தால் கர்ப்பம் முழுவதும் பிளாஸ்மா ஏற்றி, நல்லபடியாகக் குழந்தை பெற்ற பெண்கள் பலர் இருக்கிறார்கள்.

இரு வகையினரும் பணப்பையில் ஒரு சிறு அட்டை வைத்துக்கொள்வது உண்டு. நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நோயை நேரில் பார்த்தே இருக்க மாட்டார். அட்டையில் நோயின் பெயர், எந்த வகை, பார்க்கும் மருத்துவரின் தொலைபேசி எண், பிறகு இரண்டு வரிகள்: பிளாஸ்மா ஏற்றும் முன் அடாம்ட்ஸ்-13 சோதனைக்கு ரத்தம் எடுக்கவும், ரத்த நோய் மருத்துவரைக் கேட்காமல் தட்டணு ஏற்ற வேண்டாம்.